பொம்மைக் கார்களால் பேசிய சிறுவன்



மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் கை தூக்குங்கள், பார்க்கலாம். அங்கே சரிவான பாறையின் மேல், இதோ உருண்டுவிடப் போகிறேன் என்பதுபோல நிற்கிற ‘கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை’யைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 250 டன் எடை உள்ளதாகச் சொல்லப்படும் அந்தப் பாறையை ஒற்றைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. “இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளு... கையைத் தூக்கு... அப்படியே நில்லு!” என்று மாமாவோ சித்தப்பாவோ எதிரில் நின்று கத்துவார்கள். படத்தைப் பார்த்தால் நீங்கள்தான் பீமன்! 

உண்மையில் பாறை எங்கோ பின்னால் இருக்கிறது. நீங்கள் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும். இந்தச் சின்ன விஷயத்தை வைத்துக் கேமரா நம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது.

இதே வித்தையைக் கையில் எடுத்து, தன் மனசில் இருந்ததை உலகத்துக்கே காட்டிய ஒரு சிறுவனைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். பெயர் ஆன்டனி ஷ்மிட். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக்காரன். (தலைநகரம் வாஷிங்டன் வேறு. இது நாட்டின் மறுகோடியில், பசிபிக் பெருங்கடல் பக்கம் இருக்கிற மாநிலம். தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஆன்டனி இப்போது வளர்ந்துவிட்டார். ஆனால் நான் சொல்வதெல்லாம் அவர் உங்கள் வயதில் இருந்தபோது நடந்தவை. அதனால் ‘அவன்’ என்றே சொல்கிறேன்.

மரங்கள் அடர்ந்த ஒரு சாலையோரம். பளபளவென்று ஒரு பழைய காலத்துக் கார் நிற்கிறது. வெயில் அதன் முன்பக்கத்தில் பட்டு மின்னுகிறது. யாரோ பணக்காரத் தாத்தா வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று நினைப்போம். ஆனால் அந்தக் கார் உங்கள் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிவிடக்கூடிய பொம்மை! ஆன்டனி எடுத்த படங்களைப் பார்க்கிற பெரியவர்களே, “இது பொம்மையா? சும்மா சொல்லாதே!” என்று வியந்து போனார்கள். அவன் பெரிய ஸ்டூடியோ எதுவும் வைத்திருக்கவில்லை. அம்மாவின் பழைய ஐபோன்தான் அவனுக்கு முதல் கேமரா.

இன்னொரு விஷயம். ஆன்டனிக்கு ஆட்டிசம் உண்டு.

ஆட்டிசம் என்றால்?

தமிழில் இதை ‘மதியிறுக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மதி இறுகியா போய்விட்டது? ஆகவே ஆட்டிசம் என்றே சொல்வோம்.

இது காய்ச்சல், அம்மை மாதிரி வந்து போகிற நோய் கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது. மூளை வளர்கிற விதமே ஆரம்பத்திலிருந்து சற்று வேறாக இருப்பதுதான் ஆட்டிசம். சிலருக்குப் பேச்சு தாமதமாக வரும். சிலருக்கு வராமலே போகும். சிலர் மணிக்கணக்கில் பேசுவார்கள், ஆனால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். மிக்சி ஓடும் சத்தம் நமக்குச் சாதாரணம். அவர்களில் சிலருக்கோ அது காதுக்குள் வெடி வெடித்த மாதிரி இருக்கும். தினமும் போகிற தெரு மாறினால் அழுகை வரலாம். ஒரே விஷயத்தை, ரயிலோ மின்விசிறியோ காலண்டரோ எதுவோ, பிடித்துக்கொண்டு அதிலேயே மூழ்கிப்போவதும் உண்டு. ஒருவரைப் போல இன்னொருவர் இருக்க மாட்டார்.

1943ஆம் ஆண்டு லியோ கேனர் என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப்பட்ட 11 குழந்தைகளைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1925இல், ரஷ்யாவைச் சேர்ந்த குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதுபோன்ற ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். பாவம், வெகுகாலம் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை! 

கேனர் சொன்ன 11 பேரில் முதலாவது, டொனால்டு என்ற சிறுவன். சட்டிகளையும் மூடிகளையும் தரையில் சுழலவிட்டுப் பார்ப்பதில் அவனுக்கு அத்தனை ஆனந்தம். அந்த டொனால்டு பின்னாளில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார்.

“எப்பப் பார்த்தாலும் காரா?”

ஆன்டனிக்குக் கார் என்றால் உயிர். அவனிடம் சேர்ந்த பொம்மைக் கார்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் பள்ளியில் வேலை பார்த்த நாட்களில் எத்தனையோ பெற்றோர், “எப்பப் பார்த்தாலும் அதையேதான் வெச்சுக்கிட்டு இருக்கான். பொம்மையைப் பிடுங்கி பரண் மேலே போட்டுட்டேன்” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளை மற்றவர்களோடு கலக்காமல் போய்விடுவானோ என்று அவர்களுக்குக் கவலை. கவலை நியாயம்தான். ஆனால் ஆன்டனியின் வீட்டில் கார்களைப் பிடுங்கவில்லை. அவன் அவற்றைப் படம் பிடித்தபோது, அந்தப் படங்களை மற்றவர்களும் பார்க்கும்படி செய்தார்கள். பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். இது எந்த வருஷத்துக் கார்? எப்படி எடுத்தாய்? எங்கே எடுத்தாய்?

யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர், “சாப்பிட்டாயா? என்ன படிக்கிறாய்?” என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுகிற பிள்ளை அவன் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம் போய் அவனுக்கு மிகப் பிடித்ததைப் பற்றியே கேட்டால்? பேச்சு தானாக வந்துவிடாதா! எந்தக் கார்கள் அவனை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கும் என்று நினைக்கத் தோன்றுமோ, அந்தக் கார்களே ஆட்களை அவனிடம் அழைத்து வந்தன.

ஆன்டனிக்கு 12 வயதானபோது, 2020ஆம் ஆண்டு வாக்கில், அவனுடைய படங்களைப் புத்தகமாகப் போட முடிவு செய்தார்கள். அதற்கான பணம் பொதுமக்களிடமிருந்து இணையம் வழியாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. ‘ஸ்மால் கார்ஸ், பிக் இன்ஸ்பிரேஷன்’ என்று அந்தப் புத்தகத்துக்குப் பெயர். பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. படங்களைப் பார்த்து மகிழ்ந்த ஒருவர், 1957ஆம் ஆண்டில் செய்த நிஜமான ஃபோர்டு கார் ஒன்றையே அவனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார். ஓட்டுகிற வயது வரும் முன்பே கார் வந்துவிட்டது!

கொஞ்சம் கணக்கு (ஓடாதீர்கள்!)

பொம்மை எப்படி நிஜமாகத் தெரிகிறது? இதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபோர்ஸ்டு பெர்ஸ்பெக்டிவ்’ என்று பெயர். வெண்ணெய் உருண்டையில் நாம் செய்ததும் இதுதான். ஆனால் கண்ணை முழுசாக ஏமாற்ற வேண்டுமென்றால் கணக்கு வேண்டும்.

நல்ல பொம்மைக் கார்களின் அடியில் அல்லது பெட்டியில் 1:18, 1:64 என்று எண்கள் போட்டிருப்பார்கள். 1:18 என்றால் நிஜக் காரில் 18இல் ஒரு பங்கு. நிஜக் கார் 450 சென்டிமீட்டர் நீளம் என்றால், பொம்மை 450ஐ 18ஆல் வகுத்தால் வருகிற 25 சென்டிமீட்டர். அந்தப் பொம்மையைக் கேமராவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். 18 மீட்டர் தள்ளி நிற்கிற நிஜக் கார் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, சரியாக அவ்வளவு பெரிதாகத்தான் பொம்மையும் தெரியும். அப்படியானால் பின்னால் 18 மீட்டருக்கும் அப்பால் ஒரு நிஜமான வீடோ மரமோ இருந்தால் போதும். கார் அந்த வீட்டு வாசலிலேயே நிற்பதாகக் கண் நம்பிவிடும்.

பலர் தவறவிடுவது இன்னொன்றை. கேமராவின் உயரம்! நிஜக் காரை நாம் எங்கிருந்து பார்க்கிறோம்? நின்றுகொண்டு, சுமார் 160 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து. இதையும் 18ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் வரும். அதாவது கேமராவின் கண் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக்கூட வரக்கூடாது. கடைகளில் கிடைக்கிற குட்டிக் காருக்கு (1:64) வெறும் இரண்டரை சென்டிமீட்டர்தான். படம் எடுப்பவர் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துவிட வேண்டியதுதான். அம்மா துவைத்துப் போட்ட சட்டை என்னவாகும் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

மேலேயிருந்து எடுத்தால் அது பொம்மை. பொம்மையின் உயரத்துக்கு இறங்கி எடுத்தால் அது கார்.

மாட்டின் கண்ணால் எடுத்த படம்

இப்படிக் கேமராவோடு கீழே இறங்கிய இன்னொருவரும் அமெரிக்காவில் உண்டு. இது ஆன்டனி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது. அவர் பெயர் டெம்பிள் கிராண்டின். 1947இல் பிறந்தவர். மூன்றரை வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கும் ஆட்டிசம்தான். இவளை ஒரு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று சொன்னவர்களுக்கு அவருடைய தாயார் சம்மதிக்கவில்லை. பள்ளியில் சக மாணவர்களின் கேலி தாங்க முடியாமல் தவித்தவரை ஓர் அறிவியல் ஆசிரியர் தட்டிக்கொடுத்து வளர்த்தார். (ஆசிரியர்களுக்கும் சில நேரம் நல்ல பெயர் கிடைக்கும், பார்த்தீர்களா!)

1970களில் அரிசோனா மாநிலத்தின் மாட்டுப் பண்ணைகளில் ஒரு தொல்லை. தடுப்பூசி போட மாடுகளை ஒடுக்கமான ஒரு பாதை வழியாக வரிசையாக நடத்திப் போவார்கள். மாடுகள் நடுவழியில் நின்றுவிடும். அடித்தாலும் நகராது. ஆட்கள் கத்துவார்கள், தடியால் குத்துவார்கள். ஏன் நிற்கின்றன என்று யாருக்கும் புரியவில்லை.

டெம்பிள் கிராண்டின் என்ன செய்தார் தெரியுமா? கேமராவை எடுத்துக்கொண்டு அந்தப் பாதைக்குள்ளேயே இறங்கிவிட்டார்! மாட்டின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் கேமராவைப் பிடித்துப் படம் எடுத்தார். மாடுகளுக்கு நிறமே தெரியாது என்று அப்போது நினைத்தார்கள் (சில நிறங்கள் தெரியும் என்பது இன்று உறுதியாகிவிட்டது). அதனால் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு எடுத்தார். கூட இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

படங்கள் உண்மையைச் சொல்லிவிட்டன. தரையில் குறுக்கே விழுந்த ஒரு நிழல். தொங்கி ஆடுகிற ஒரு சங்கிலி. வேலியில் யாரோ கழற்றி மாட்டிய ஒரு கோட்டு. இருட்டிலிருந்து சட்டென்று கண்ணில் அடிக்கிற வெயில். மனிதர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிற இவற்றைப் பார்த்துத்தான் மாடுகள் மிரண்டு நின்றன. சங்கிலியையும் கோட்டையும் எடுத்துவிட்டால் போதும், தடிக்கு வேலையே இல்லை!

அவருக்கு இது ஏன் தோன்றியது? தம் நினைப்பெல்லாம் சொற்களாக வருவதில்லை, படம் படமாகவே வருகிறது என்று அவரே புத்தகங்களில் எழுதியிருக்கிறார். எல்லா ஆட்டிசக்காரர்களும் இப்படித்தான் என்று எண்ணிவிடக்கூடாது என்பதையும் பின்னால் அவரே விளக்கினார். பிறகு அவர் டாக்டர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். வட அமெரிக்காவின் பண்ணைகளிலும் கூடங்களிலும் மாடுகளை மிரளவிடாமல் நடத்திச் செல்ல அவர் வடிவமைத்த பாதைகள் எங்கும் பரவின. 2010இல் அவருடைய வாழ்க்கையைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

கேமரா என்ன செய்கிறது?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கேமரா இத்தனை ஒத்துப்போவது ஏன்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒரு திருமண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம், மைக், விளக்கு, சமையல் மணம், நூறு பேர் பேச்சு. எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் புகுந்தால் எப்படி இருக்கும்? கேமராவின் சின்னச் சதுரத்துக்குள் பார்க்கும்போது மற்றதெல்லாம் வெளியே நின்றுவிடுகிறது. உள்ளே ஒரே ஒரு பூமாலை மட்டும். அதை நிம்மதியாகப் பார்க்கலாம். பேச்சு என்றால் உடனே பதில் சொல்ல வேண்டும். படத்துக்கு அவசரமில்லை. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். திட்ட ஆளில்லை.

இங்கிலாந்தில் ஆல்ஃபி போவன் என்று ஓர் இளைஞர் இருக்கிறார். ஆட்டிசம் உள்ளவர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் கொடுத்த தொல்லையால் மிகவும் வாடிப்போனவர். அம்மாவின் கேமராவை எடுத்துக்கொண்டு விலங்குகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார். இன்று காட்டுயிர்ப் படக் கலைஞராகப் புத்தகமே போட்டிருக்கிறார். புலியும் யானையும் யாரையும் கேலி செய்வதில்லையே!

இதைப் படித்துவிட்டு, ஆட்டிசம் உள்ள எல்லோரும் மேதைகளாக இருப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். “உனக்கு என்ன திறமை இருக்கு, காட்டு” என்று யாரையும் கேட்டுவிடவும் கூடாது. உங்கள் வகுப்பில் எல்லோருமா நூற்றுக்கு நூறு? அப்படித்தான் அவர்களும். புத்தகம் போடாத, பரிசு வாங்காத பிள்ளைகள்தான் மிக அதிகம். அவர்களுக்கும் படம் உதவுகிறது. எப்படித் தெரியுமா?

பேச்சே வராத ஒரு குழந்தைக்குத் தாகம் எடுக்கிறது. அல்லது வயிறு வலிக்கிறது. சொல்லத் தெரியாது. கத்தும், தரையில் புரளும். ‘அடம் பிடிக்கிறது’ என்று அடி விழும். 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தண்ணீர் வேண்டுமா? தண்ணீர்க் குவளையின் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் தண்ணீர் கிடைக்கும். அவ்வளவுதான்! பிறகு இரண்டு படம், மூன்று படம் என்று சேர்த்து வாக்கியமாக்கவும் பழக்குவார்கள். இந்த முறை இன்று பல நாடுகளின் சிறப்புப் பள்ளிகளில் நடக்கிறது. வீட்டில் இருக்கிற குவளையையும் கட்டிலையும் செல்போனிலேயே படம் எடுத்து அட்டை செய்துகொள்ளும் தாய்மார்களும் உண்டு. அந்தக் குழந்தைக்கு அந்த அட்டைதான் வாய்.

ஐ.நா. சபை 2007இல் தீர்மானம் போட்டு, 2008 முதல் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் வகுப்பிலேயே இப்படி ஒரு நண்பன் இருக்கலாம்.

நீங்களும் எடுக்கலாம்

விடுமுறை நாளில் அப்பாவிடமோ அக்காவிடமோ கேட்டு செல்போனை வாங்கிக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கேமரா வேண்டாம். செல்போனின் கண் மிகச் சிறியது. அதனால் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒருசேரத் தெளிவாக விழும். இந்த விளையாட்டுக்கு அதுதான் வசதி.

காலை வெயிலோ மாலை வெயிலோ நல்லது. ஒரு பலகை அல்லது அட்டையைத் தரையில் வைத்து அதன் மேல் காரை நிறுத்துங்கள். பலகையின் பின்பக்க விளிம்பு, அதற்கு அப்பால் உள்ள சாலையோடு சேர்ந்தாற்போலத் தெரியும் வரை போனை மேலும் கீழும் நகர்த்துங்கள். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அதன் கண் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பின்னால் உள்ள மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, காரின் நிழலும் அந்தப் பக்கமே விழ வேண்டும். இரண்டுக்கும் ஒரே சூரியன் என்பதால் வெட்டவெளியில் எடுத்தால் இது தானாகவே அமையும்.

மழை பெய்த மாதிரி தண்ணீர் தெளிக்காதீர்கள். பொம்மை மேல் விழுகிற ஒரு துளி, நிஜக் காரின் மேல் பூசணிக்காய் விழுந்த மாதிரி இருக்கும்! மணலும் அப்படித்தான், கருங்கல் ஜல்லியாகத் தெரியும். சலித்த கோலமாவு புழுதிக்குச் சரியாக இருக்கும். அரிசி மாவு பனிக்கு ஆகும் (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்).

ஒன்று மறந்துவிட்டேனே. பழைய அம்பாசடர் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் கண்ணாடி மாளிகையாக ஒரு புதுக் கட்டடம் வந்தால் பொருந்தாது. எந்தக் கார் எந்தக் காலத்தது என்று முதலில் தெரிய வேண்டும். உங்கள் தெருவிலோ வகுப்பிலோ எந்நேரமும் காரைப் பற்றியே பேசுகிற பிள்ளை ஒருவன் இருப்பான். படம் எடுக்கும் அன்றைக்கு அவனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காரை எங்கே நிறுத்துவது என்பதை அவன் சொல்லட்டும்.